மாப்பிள்ளை தடம் மாறுகிறார் என்று சொன்ன வண்டி

ஆமாங்குடிக்காரர்கள் யார் எதைச் சொன்னாலும் கேட்பார்கள். எழுதியிருந்தால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

அந்த ஊருக்கு முதன்முதலாக டவுன் பஸ் வந்த அன்று ஊரே திரண்டு போய் ஏறி உட்கார்ந்தது. உள்ளே, 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருந்தது. சிரம் என்றால் என்ன என்று கண்டக்டரிடம் விசாரித்தார்கள். தலை என்றார் அவர். டவுன் வந்தது, பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை. இறங்க வேண்டுமானால் தலையை வெளியே நீட்டித்தானே ஆக வேண்டும்? ஒருவர் காலை மட்டும் கீழே வைத்துப் பார்த்தார். தலையும் கூடவே வந்துவிடும் போலிருந்ததால் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசியில் அந்த எழுத்தின் மேல் டிப்போவில் பெயிண்ட் அடித்த பிறகுதான் ஊர் இறங்கியது.

அப்படிப்பட்ட ஊரில் ரைஸ் மில் வைத்திருக்கும் சிங்காரவேலு புதுக் கார் ஒன்று வாங்கினார். சாதாரணக் கார் இல்லை. முன்னால் கண், பின்னால் கண், இரண்டு பக்கமும் கண். ஆபத்து வந்தால் தானே பிரேக் போடும். அதற்கு முன்னால் நல்ல தமிழில் எச்சரிக்கையும் செய்யும். ஷோரூம்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "வண்டி சொல்றதைக் கேட்டு நடந்துக்குங்க சார். எந்த ஆபத்தும் கிட்டவே வராது" என்றார்.

வேறு ஊர்க்காரரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

வண்டியை ஓட்டும் பொறுப்பு சிங்காரவேலுவின் அக்கா மகன் பூவராகனுக்கு வந்தது. ஆமாங்குடியில் காலேஜ் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் பூவராகன்தான். லைசென்ஸ் எடுத்த முதல் ஆளும் அவன்தான். வயது இருபத்தொன்பது. பயந்த சுபாவம். பொய் மட்டும் வராது. அதனாலேயே இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. முதல் இடத்தில், "தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தவன், நாலாம் நாள் நாலு பக்கம் எழுதித் தபாலில் அனுப்பினான். ஏழாம் வகுப்பில் சாக்பீஸ் தின்றது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இரண்டாவது இடத்துக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு ஒன்றுமே கேட்காமல் இருந்தார்கள். கிளம்பும்போது அவனே அவர்கள் கையில் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாவது இடம் சிறுகரம்பை. பெண்ணின் அப்பா பஞ்சநதம் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு விபத்து கிடையாது, ஒரு நாள் தாமதம் கிடையாது. "வசதியெல்லாம் நான் பார்க்கலைங்க. தடம் மாறாத பையனா இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். பெண் சிவரஞ்சனி, பெண் பார்க்கப் போன அன்று பூவராகனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு பூவராகன் இருபது நாள் ஓட்டியிருந்தான். இந்த இடமும் போய்விட்டால் நாலாவது இடம் என்று ஒன்று இல்லை என்பது அவனுக்கு மட்டுமில்லை, தரகருக்கும் தெரியும்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பிக்கிறது, அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். பூவராகனின் அம்மாவும் அப்பாவும் மற்ற சொந்தங்களும் விடிந்ததும் வேன் வைத்துப் போய்விட்டார்கள். எட்டரை மணிக்குக் கார் கிளம்பியது. சிறுகரம்பை இருபத்திரண்டு கிலோமீட்டர். முன்னால் பூவராகனும் சிங்காரவேலு மாமாவும். பின்னால் ஒரு ஓரம் குஞ்சம்மா அத்தை, மடியில் மோதிரமும் பட்டுச்சேலையும் வைத்த தட்டு. மறு ஓரம் மாசிலாமணி பெரியப்பா. நடுவில், சீர் வரிசைக்கென்று ஒரு பலாப்பழம்.

"இருக்கை வார் அணியவும்" என்றது வண்டி.

நாலு பேரும் பெல்ட் போட்டார்கள். வண்டி மறுபடியும் அதையே சொன்னது.

"யாரோ ஒருத்தர் போடலை. யாருன்னு உண்மையைச் சொல்லிடுங்க" என்றார் மாமா.

எல்லாரும் தங்கள் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார்கள். அத்தை பக்கத்தில் திரும்பிப் பார்த்து, "இது போடலைங்க" என்றாள்.

பலாப்பழத்துக்குப் பெல்ட் போட்டார்கள். வண்டி வாயை மூடிக்கொண்டது.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியாடா? ஒரு பலாப்பழத்து உசுருக்குக்கூடப் பொறுப்பெடுத்துக்குது. இந்த வண்டி வாயில பொய்யே வராது."

மூணு கிலோமீட்டர் போயிருப்பார்கள். "கதவு திறந்திருக்கிறது" என்றது வண்டி.

பூவராகன் பதறிப்போய் ஓரம் கட்டினான். "பூட்டிட்டுத்தானே மாமா வந்தோம்?"

"பூட்டினேனே. இழுத்துக்கூடப் பார்த்தேன்."

"அப்போ திறந்திருக்குன்னு சொல்லுதே?"

"அப்போ திறந்துதான் இருக்கும். திருப்பு."

வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். கதவு பூட்டித்தான் இருந்தது. மறுபடி கிளம்பினார்கள். பிள்ளையார் கோயில் தாண்டியதும், "கதவு திறந்திருக்கிறது" என்றது வண்டி. மறுபடி வந்தார்கள். கொல்லைக் கதவைப் பார்த்தார்கள், மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்கள், ரைஸ் மில் ஷட்டரைப் பார்த்தார்கள். எல்லாம் மூடியிருந்தது.

பெரியப்பா வெகு நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் மோவாயைத் தடவினால் ஏதோ ஒரு முடிவு வரப்போகிறது என்று அர்த்தம்.

"நாம இருக்கும்போது மூடியிருக்கு. நாம போனதும் திறந்துக்குது. ஆள் இல்லாத குறைதான். நான் உள்ளே இருந்து பிடிச்சுக்கறேன், நீங்க போய் நிச்சயத்தை முடிச்சுட்டு வாங்க."

"நீங்க இல்லாம எப்படி பெரியப்பா?" என்றான் பூவராகன்.

"என் பேச்சு முக்கியமா, வண்டி பேச்சு முக்கியமா? போடா. என் உசுரே போனாலும் இந்தக் கதவு திறக்காது."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பெரியப்பா இறங்கியதில் பின் சீட்டில் இடம் கிடைத்தது. அத்தை கதவைத் திறந்து மூடி, கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். காலையிலிருந்து கார்க் கதவிடுக்கில் மாட்டியிருந்த அவளுடைய பட்டுச்சேலை முந்தானையும் அவளோடு உள்ளே வந்துவிட்டது. முந்தானையில் கறுப்பாக மசி ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இது எங்கே ஒட்டுச்சு?" என்று துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வண்டி கதவைப் பற்றிப் பேசவே இல்லை.

"பிடிச்சுட்டாரு" என்றார் மாமா பெருமூச்சு விட்டு. "அங்கே பிடிக்கிறது இங்கே தெரியுது பாரு."

பத்து மணிக்கு ஒரு திருப்பத்தில் வண்டி தானாகவே சடக்கென்று பிரேக் போட்டது. மாமாவின் மூக்குக் கண்ணாடி பறந்து விழுந்தது. பலாப்பழம் பெல்ட்டில் பத்திரமாக இருந்தது.

"முன்னால் பாதசாரிகள். வழி விடவும்."

முன்னால், ரோட்டின் மேல் சாய்ந்தபடி ஒரு ஃபிளெக்ஸ் பேனர். யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து. குழந்தை மேலே ஒரு வட்டத்துக்குள் இருந்தது. கீழே ஆளுயரத்தில் தாய்மாமன்களும் சித்தப்பாக்களுமாகப் பதினேழு பேர், பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள்.

"படம்தானே மாமா" என்றான் பூவராகன் தயங்கி.

"படம்னு உனக்குத் தெரியுது. வண்டிக்கு நாலு கண்ணு, அதுக்குத் தெரியாதா? பாதசாரின்னா பாதசாரிதான். போகட்டும், இரு."

இருந்தார்கள். பாதசாரிகள் போகவில்லை. பூவராகன் மணியைப் பார்த்தான். மாமா இறங்கிப் போய், "பெரியவங்களே, தயவுசெய்து தாண்டிப் போயிடுங்க. முகூர்த்தத்துக்கு நேரமாகுது" என்று கேட்டுக்கொண்டார். பதில் இல்லை. திரும்பி வந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அத்தை.

"வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. கும்பிட்டுக்கிட்டே நிக்கிறாங்க."

"கும்பிட்டா என்னங்க அர்த்தம்? 'நீங்க முதல்ல போங்க'ன்னு மரியாதை பண்றாங்க."

"அட, ஆமாம்! மரியாதை தெரிஞ்ச குடும்பம். ஆனா நாமளும் மரியாதை தெரிஞ்சவங்கதானே? நாம எப்படி முதல்ல போறது?"

மாமாவும் அத்தையும் போய் எதிரே நின்று கைகூப்பினார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் பதினேழு பேர். யார் முதலில் கையை இறக்குவது என்று ஆகிவிட்டது. இருபது நிமிஷம் கழித்து அத்தைக்குத் தோள் வலித்தது. பூவராகன்தான் பணிவாக ஒரு யோசனை சொன்னான். பேனர் கம்பங்களை மெல்லத் தூக்கி, பதினேழு பேரையும் வயல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள். அவர்கள் வயலைக் கும்பிட்டார்கள். வண்டி நகர்ந்தது.

"முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, கோவமோ?" என்று அத்தை கடைசி வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிறுகரம்பை நெருங்கியதும் புதிதாகப் போட்ட தார் ரோடு. நடுவில் பளிச்சென்று வெள்ளைக் கோடு. புது ரோடு என்பதால் ஊர்க்காரர்கள் பாதி ரோட்டில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள். உளுந்தின் மேல் ஏற்றாமல் பூவராகன் பவ்வியமாக வலது பக்கம் ஒதுங்கினான்.

"நீங்கள் தடம் மாறுகிறீர்கள்" என்றது வண்டி.

பூவராகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த உளுந்து வந்தது, ஒதுங்கினான்.

"நீங்கள் தடம் மாறுகிறீர்கள்."

"யாரைச் சொல்லுது?" என்றாள் அத்தை மெதுவாக.

"ஓட்டுறவனைத்தான் சொல்லும்" என்றார் மாமா. "பூவராகா, நான் உன் தாய்மாமன். என்கிட்ட மறைக்காதே. என்னடா பண்ணினே?"

பூவராகன் தன் இருபத்தொன்பது வருஷத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தான். "காலேஜ்ல ஒரு பொண்ணுகிட்ட ரெக்கார்டு நோட்டு வாங்கினேன் மாமா."

"வாங்கி?"

"பார்த்து எழுதிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"அட்டை கொஞ்சம் கிழிஞ்சு போச்சு. நான் சொல்லலை. அதை அந்த நாலு பக்கத்துலகூட எழுதலை."

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மனுஷங்ககிட்ட மறைச்சே. வண்டிகிட்ட மறைக்க முடிஞ்சுதா?"

அந்த நேரம் பார்த்து, ஊர் எல்லைப் பாலத்தில் பஞ்சநதம் நின்று கை காட்டினார். வேனில் வந்தவர்கள் ஏழு மணிக்கே வந்து டிபன் சாப்பிட்டுவிட்டார்கள், மாப்பிள்ளையைக் காணோமே என்று அவரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. பின்னால் ஏறி, பலாப்பழத்தின் பெல்ட்டை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க ஐயா" என்றான் பூவராகன். மனதுக்குள், இன்னும் அரைக் கிலோமீட்டர், உளுந்து இருக்கக் கூடாது, உளுந்து இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

உளுந்து இருந்தது.

"நீங்கள் தடம் மாறுகிறீர்கள்."

பஞ்சநதம் மீசையிலிருந்து கையை எடுத்தார். "தம்பி, இது என்ன சொல்லுது?"

வேறு யாராக இருந்தாலும் ரேடியோ என்று சொல்லியிருப்பார்கள். "நான் தடம் மாறுறேன்னு சொல்லுதுங்க ஐயா" என்றான் பூவராகன்.

"அப்படியா?"

"இதோட மூணு தடவை சொல்லிடுச்சுங்க."

"கோளாறா இருக்கும்" என்று பஞ்சநதமே ஒரு வழியைத் திறந்துவிட்டார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கோளாறா? இந்த வண்டிக்கா? பலாப்பழம் பெல்ட் போடலைங்கிறதைக் கண்டுபிடிச்ச வண்டிங்க இது! இவன் பெரியப்பா ஊர்ல வீட்டுக் கதவைப் பிடிக்கிறது இங்கிருந்தே இதுக்குத் தெரியும். பொய்ங்கிற பேச்சுக்கே இடமில்லை!"

சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி பதினொன்று பத்து. பஞ்சநதம் இறங்கினார், நாயனக்காரரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பந்தலில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"மாப்பிள்ளை தடம் மாறுறார்னு அவர் வண்டியே சொல்லுது. நிச்சயம் இல்லைங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

பூவராகனின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பூவராகன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசல்படியில் சிவரஞ்சனி தெரிந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. இருபது நாள் ஓடிய வண்டி அங்கேயே நின்றுவிட்டது போலிருந்தது அவனுக்கு.

"என்ன தப்பு பண்ணினீங்களாம்?" என்று அவள் நேராக அவனையே கேட்டாள்.

ரெக்கார்டு நோட்டுக் கதையை அட்டை உட்பட அவன் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னான். சொல்லி முடித்து, "இடது மூலையில, ஒரு விரற்கடை அளவு" என்று அளவையும் காட்டினான்.

சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தான். தோள் குலுங்கிய விதம் அழுகை மாதிரி இல்லை.

"அப்பா" என்றாள். "அது எல்லாரையுமே அப்படிச் சொல்லுதோ என்னவோ? நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்."

"நான் எதுக்கு ஓட்டணும்? என்னைச் சொல்லுமா அது? முப்பத்தோரு வருஷம்! தடம் எண் பதினாலு! ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் தடம் மாறினதுண்டா?"

"அதனாலதான் சொல்றேன். உங்களைச் சொல்லலேன்னா வண்டி சரி. அவரை அனுப்பிடலாம்."

பஞ்சநதம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பூவராகன் பக்கத்தில். சாட்சிக்கு யாராவது வேண்டும் என்று அவருடைய சம்சாரம் செண்பகம் பின்னால் ஏறிக்கொண்டாள். பலாப்பழத்தை இறக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பஞ்சநதம் ரோட்டின் நட்டநடுவில் ஓட்டினார். பஸ்ஸை அவர் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார், எதிரே வந்தவர்கள்தான் ஒதுங்கியிருக்கிறார்கள். வெள்ளைக் கோடு காருக்குச் சரியாக நடுவில் ஓடியது.

"நீங்கள் தடம் மாறுகிறீர்கள்."

பஞ்சநதம் திடுக்கிட்டு இடது பக்கம் ஒடித்தார். உளுந்து. வலது பக்கம் ஒடித்தார்.

"நீங்கள் தடம் மாறுகிறீர்கள். நீங்கள் தடம் மாறுகிறீர்கள்."

பாலம் வரை போய் வருவதற்குள் பதினோரு தடவை. பூவராகன் எண்ணிக்கொண்டிருந்தான், யாராவது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று. பின் சீட்டில் செண்பகமும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றாள், ஆறாவது தடவையில்.

"என்ன?"

"நைட் ஹால்ட்டுன்னு சொல்லிட்டு வாரத்துல ரெண்டு நாள் வராம இருப்பீங்களே."

"நைட் ஹால்ட்தாண்டி!"

"நீங்கள் தடம் மாறுகிறீர்கள்" என்றது வண்டி.

செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பந்தலுக்குத் திரும்பி வந்தபோது பஞ்சநதத்தின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கியதும் ஓங்கிச் சொன்னார்: "இந்த வண்டி பொய் சொல்லுது! இந்த ஊருக்கு இருக்கறதே ஒரே ரோடு. போனாலும் அதுதான், வந்தாலும் அதுதான். இதுல எங்கேய்யா தடம் மாறுறது?"

பந்தல் யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது.

"அப்போ மாப்பிள்ளையைச் சொன்னதும் பொய்தானே?" என்றார் பூவராகனின் அப்பா.

"பொய்தான்! நூத்துக்கு நூறு பொய்!"

"என் விஷயத்துல முழுசாப் பொய்னு சொல்லிட முடியாதுங்க ஐயா" என்று ஆரம்பித்தான் பூவராகன். "அந்த அட்டை..."

அவன் அம்மா எழுந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

பஞ்சநதம் விடவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து. புகார் கொடுக்காமல் தட்டைத் தொட மாட்டேன் என்றார். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் பூவராகன் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தான். ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம் சார். எந்த வசதியில கோளாறு?"

"வசதியில ஒரு கோளாறும் இல்லம்மா. ஏசி நல்லா இருக்கு. வாய்தான் நீளம். என் நடத்தையைப் பத்திப் பேசுது."

"என்ன பேசுது சார்?"

"தடம் மாறுறேனாம்."

"ஓ, அதுவா? கோட்டைத் தாண்டினா அப்படிச் சொல்லும் சார். நீங்க கோட்டைத் தாண்டியிருப்பீங்க."

பந்தலில் ஒரு முனகல் எழுந்தது. "நான் சொல்லலை?" என்றாள் செண்பகம், பக்கத்தில் நின்ற பூவராகனின் அம்மாவிடம். "கோட்டைத் தாண்டியிருக்காரு. போன்லயே சொல்றாங்க."

"எந்தக் கோடும்மா?" என்று அலறினார் பஞ்சநதம்.

"ரோட்டுல போட்டிருக்கிற வெள்ளைக் கோடு சார்."

"அதையா? அதைத் தாண்டாம எப்படிம்மா வண்டி ஓட்டுறது? உளுந்து கிடக்குதே!"

"உளுந்தா சார்?" என்றாள் அந்தப் பெண். "அந்த வசதியே வேண்டாம்னா நிறுத்திடலாம் சார். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பிடிச்சுக்குங்க. பிடிச்சிட்டீங்களா?"

சிங்காரவேலு மாமா பாய்ந்துபோய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வலது கை ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்திப் பிடித்தார். "பிடிச்சாச்சு!"

"அப்படியே பிடிங்க சார். இப்போ..."

போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால், எல்லாரும் வேறு வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவு செய்த குரல் சொன்னது.

"விட்டுடலாமா மாமா?" என்றான் பூவராகன்.

"விடுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா?"

"சொல்லலை."

"அப்புறம்?"

மணி பதினொன்று நாற்பத்தைந்து. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. தாய்மாமன் காரை விட்டு இறங்க மாட்டார். ஆகவே பந்தலே காருக்கு வந்தது. ஐயர் கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்று லக்னப் பத்திரிகை வாசித்தார். பஞ்சநதம் தட்டை நீட்டினார். அப்போதுதான் அத்தை கவனித்தாள்.

"ஏங்க, வலது கை பட்டன்ல இருக்கே. இடது கையாலயா தட்டு வாங்குவீங்க?"

எல்லாரும் விக்கித்துப் போனார்கள். கையை மாற்றினால் நடுவில் ஒரு நொடி பட்டன் விடுபடும். இடது கையால் வாங்கினால் நல்லதில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் இருந்தது.

சிவரஞ்சனி முன்னால் வந்தாள். மறுபக்கக் கதவு வழியாகக் குனிந்து, மாமாவின் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். "இப்போ உங்க விரலை அடியிலேருந்து உருவிக்குங்க மாமா." உருவினார். பட்டன் விடுபடவில்லை. மாமா வலது கையால் தட்டை வாங்கி அத்தையிடம் கொடுத்தார். பதினொன்று ஐம்பத்தாறு. நாயனக்காரர் ஊதினார்.

மோதிரம் போட வந்த பூவராகனிடம், பட்டனில் இருந்த கையை எடுக்க முடியாததால், சிவரஞ்சனி இன்னொரு கையை நீட்டினாள்.

"என்னைப் பத்தி வண்டி சொன்னது பரவாயில்லையா உங்களுக்கு?" என்று மெல்லக் கேட்டான்.

"அட்டை கிழிஞ்சதையே அளவு காட்டிச் சொல்ற ஆளு. பெரிசா எதை மறைக்கப் போறீங்க?" என்றாள். சிரித்தாள். இரண்டாவது சிரிப்பு. "சீக்கிரம் போடுங்க, விரல் வலிக்குது."

பிறகு மாமா பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்து பட்டனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது, "வர்றேங்க மாமா" என்றான் பூவராகன். "நல்லது மாப்பிள்ளை" என்றார் பஞ்சநதம். அவர் வேறு ஏதோ யோசனையில் இருந்தார். அவருக்குப் பின்னால் செண்பகம் பழைய டியூட்டி டைரிகளைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டிப் பட்டனைப் பிடித்தபடியே வர, பூவராகன் அந்தக் கைக்கு மேலும் கீழுமாக ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். வழியில் காதுகுத்துக்காரர்கள் இன்னும் வயலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது.

"பெரியப்பா, முடிஞ்சுடுச்சு! கதவைத் திறங்க!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "திறந்தா வண்டி சத்தம் போடுமே?"

"போடாது பெரியப்பா."

அந்த நேரம் அத்தை இறங்குவதற்காகக் கார்க் கதவைத் திறந்தாள். "கதவு திறந்திருக்கிறது" என்றது வண்டி.

"பொய்!" என்று உள்ளேயிருந்து கத்தினார் பெரியப்பா. "நான் காலையிலேருந்து பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்!"

"அது பொய் சொல்ற வண்டிதான். நிரூபணமே ஆயிடுச்சு" என்றார் மாமா, காருக்குள்ளிருந்து, விரலை எடுக்காமல்.

இதையும் சேர்த்துப் புகார் கொடுத்துவிடுவதுதான் முறை என்று பூவராகனுக்குப் பட்டது. போன் போட்டான். காலையில் பேசிய அதே பெண்.

"மேடம், கதவு மூடியிருக்கும்போதே திறந்திருக்குன்னு வண்டி சொல்லுது. எங்க பெரியப்பா காலையிலேருந்து கதவைப் பிடிச்சுக்கிட்டே இருக்கார்."

"காலையிலேருந்தா சார்?" என்றாள் அந்தப் பெண். "அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம் சார். கதவை ஒரே ஒரு தடவை நல்லாத் திறந்து, அழுத்தி மூடுங்க. சரியாயிடும்."

பூவராகன் சொன்னான். பெரியப்பா தாழ்ப்பாளை விலக்கி, கதவை விரியத் திறந்தார். வாசலில் நின்ற எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எல்லாரையும் பார்த்து, "நிச்சயம் நல்லா நடந்துதா?" என்று விசாரித்தார். "நல்லா நடந்துது" என்றார்கள். கதவை அழுத்தி மூடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அதற்குள் அத்தை இறங்கிக் கார்க் கதவைச் சாத்தியிருந்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வண்டி வாயைத் திறக்கவில்லை.

"சரியாயிடுச்சு மேடம், ரொம்ப நன்றி" என்று சொல்லிப் பூவராகன் போனை வைத்தான்.

ஊரே நிம்மதியாக வாசலில் உட்கார்ந்தது. பெரியப்பா ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே இன்னொரு கையால் ஜன்னல் கம்பி வழியாக எல்லாரும் ராத்திரி வாசலிலேயே படுக்க ஒவ்வொரு பாயாக வெளியே நீட்டினார்.

"எனக்கு ஒரு தலையணை மட்டும் போதும்" என்று காருக்குள்ளிருந்து மாமா சொன்னார்.